பாறை கேட்கும் ஹைட்ரஜன்

பாறையிலிருந்து எண்ணெய் எடுக்க முடியும். கரிமப் பொருள் செறிந்த ஒருவகைக் களிப்பாறையைப் பொடித்து, காற்றுப் புகாத உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் எண்ணெய் ஆவியாகி வெளியே வரும். கூடவே எரிவாயுவும் வரும். அதே உலைக்குள் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனையும் செலுத்தினால் எண்ணெயின் அளவு கூடும், தரமும் கூடும். வேதியியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ வந்துவிட்டது. செய்ய வேண்டுமா, எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதுதான் இனி எடைபோட வேண்டியது.

இதை நாஞ்சில் நாட்டிலிருந்து எடைபோடக் காரணம் உண்டு. இந்த வழிமுறைக்கு வேண்டிய மூன்றில் பாறையும் வெப்பமும் உலகில் பல இடங்களில் கிடைக்கும். அருமையானது மூன்றாவதான ஹைட்ரஜன். அதை நிலக்கரியோ எரிவாயுவோ இல்லாமல், காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுக்கக்கூடிய இடங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நுழைந்து முப்பந்தலைக் கடக்கும் மாதங்களில், காற்றாலை மின்சாரம் முழுவதையும் மின்தொகுப்பு வாங்கிக்கொள்ள முடியாமல் ஆலைகளை நிறுத்திவைக்கச் சொல்லும் நாட்கள் உண்டு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்திருக்கிறது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறு சோதனை ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது. நம் காற்றில் உருவாகப்போகும் ஹைட்ரஜன் யாருக்குப் போக வேண்டும் என்ற வரிசையைத் தீர்மானிக்கும் காலம் இது. அந்த வரிசையில் பாறைக்கும், அதேபோல் எண்ணெயாக்கக்கூடிய பழுப்பு நிலக்கரிக்கும் இடம் கேட்பவர்கள் வந்தால் என்ன சொல்வது?

முதலில் பாறையைப் பார்ப்போம். ஏரிகளிலும் ஆழமற்ற கடல்களிலும் படிந்த பாசியும் நுண்ணுயிரும் சேற்றோடு புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கெரோஜன் என்னும் திடப்பொருளாகின்றன. பூமியின் வெப்பத்தில் அது பக்குவமாக வெந்தால் கச்சா எண்ணெய். போதிய ஆழத்துக்குப் போகாமல் அரைவேக்காட்டில் நின்றுவிட்டால் எண்ணெய் ஷேல். அளவுக்கு மீறி வெந்துவிட்டால் ஹைட்ரஜன் முழுவதும் போய்க் கரி மட்டும் மிஞ்சும். நம் குமரி மாவட்டத்தின் மலைகள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. வேளிமலை முதல் மகேந்திரகிரி வரை நாம் பார்க்கும் சார்னோகைட், கோண்டலைட் பாறைகள் மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறியவை. இதே பாறைத் தொடரில், பழைய திருவிதாங்கூரின் வெள்ளநாட்டில், அப்படி மிஞ்சிய கரியான கிராஃபைட் வெட்டியெடுக்கப்பட்டது. எண்ணெய் தரக்கூடிய பாறை குமரி மலைகளில் கிடையாது, இருக்கவும் வழியில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேட ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரங்களும், காவிரி டெல்டாவில் பேசப்பட்ட ஷேல் எரிவாயுவும் வேறு சங்கதி. அங்கெல்லாம் பூமி ஏற்கெனவே வேகவைத்து முடித்த எரிபொருளைத் தேடுகிறார்கள். இங்கே பேசுவது பூமி முடிக்காத வேலையை உலையில் மனிதன் முடிப்பதைப் பற்றி.

அந்த வேலையில் ஹைட்ரஜனின் பங்கு என்ன? நல்ல கச்சா எண்ணெயில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறத்தாழ 1.8 ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். மிகச் சிறந்த எண்ணெய் ஷேலின் கெரோஜனில் இது 1.5 அளவில் இருக்கும். தரம் குறைந்த ஷேலில் 1.1 அல்லது 1.2. பழுப்பு நிலக்கரியில் 0.8 அளவுதான். ஹைட்ரஜன் சேர்க்காமல் சூடாக்கினால், இருக்கிற கொஞ்ச ஹைட்ரஜனைக் கார்பனின் ஒரு பகுதி எடுத்துக்கொண்டு எண்ணெயாக வெளியேறும். மீதிக் கார்பன் கரியாக உலையிலேயே தங்கிவிடும். அமெரிக்காவின் கொலராடோப் பகுதி ஷேலில் கரிமக் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெயாகிவிடுகிறது. கென்டக்கிப் பகுதியின் பழைய ஷேலில் மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெயாகிறது. இந்தக் குறையைப் போக்கத்தான் சிக்காகோவின் எரிவாயுத் தொழில்நுட்பக் கழகம் ஹைட்ரஜன் அழுத்தத்தில் பாறையை வறுக்கும் ஹைடார்ட் முறையை உருவாக்கியது. கென்டக்கி வகைப் பாறையில் வெறும் வெப்பம் தந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணெய் கிடைத்தது. பெரிய சாதனைதான்.

ஆனால் அந்தச் சாதனைக்குள்ளேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. ஹைட்ரஜன் ஏராளமாக உள்ள நல்ல பாறைக்கு இந்த முறையால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு. ஹைட்ரஜன் குறைந்த வறிய பாறைக்கு லாபம் அதிகம், ஆனால் அதற்கு வாங்கிச் செலவிட வேண்டிய ஹைட்ரஜனும் அதிகம். எங்கே அது மிகவும் உதவுகிறதோ அங்கேதான் அது மிகவும் கரைகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொழிலின் உலக வரலாறு முழுவதும் தெளிவாகும்.

ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் 1850-இல் காப்புரிமை பெற்று, நிலக்கரி வகைப் பாறையை மெல்லச் சூடாக்கி எண்ணெய் எடுத்தார். அதிலிருந்து வளர்ந்த ஷேல் தொழில் 1962-இல் முடிந்தது. வறுத்துக் கொட்டிய செம்பாறைக் குன்றுகள் இன்றும் எடின்பரோவுக்கு மேற்கே நிற்கின்றன. ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் பெர்கியுஸ் நிலக்கரிப் பொடியை 200 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்துத் திரவமாக்கினார். 1931-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் விமான எரிபொருளில் பெரும்பகுதி இவ்வகை ஆலைகளிலிருந்தே வந்தது. கடல்வழி எண்ணெய் அடைபட்ட, பணக்கணக்கு பார்க்காத ஒரு போர் அரசு அதைச் செய்தது. கொலராடோவில் எக்ஸான் நிறுவனம் பெருஞ்செலவில் தொடங்கிய காலனி ஷேல் திட்டத்தை 1982 மே 2 அன்று ஒரே நாளில் கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். உலகிலேயே மிக வளமான ஷேல் படுகைகளில் ஒன்றின் கதை இது.

நின்று நிலைத்த உதாரணம் எஸ்தோனியா. அங்கே குக்கர்சைட் என்னும் வளமான ஷேல் மேலாகவே கிடைக்கிறது. நெடுங்காலம் அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி அதை எரித்தே வந்தது. இன்றும் அதிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ரஷ்யாவின் எரிபொருளை நம்பியிராத சுதந்திரத்தை அந்தச் சிறிய நாட்டுக்கு இந்தப் பாறை தந்ததை மறுக்க முடியாது. ஆனால் கவனிக்க வேண்டியவை இரண்டு. அங்கே வேலை செய்தது பாறையின் வளம், வெளியிலிருந்து கொண்டுவந்த ஹைட்ரஜன் அன்று. அடுத்தது, வடகிழக்கு எஸ்தோனியா முழுக்க எழுந்திருக்கும் சாம்பல் மலைகள்.

இந்தியாவில் எண்ணெய் ஷேல் உண்மையாகவே இருப்பது அசாம்–அருணாசல எல்லையில், நிலக்கரிப் படுகைகளை ஒட்டி. அதே வட்டாரத்தின் துலியாஜானில் ஆயில் இந்தியா நிறுவனம் நிலக்கரியை ஹைட்ரஜனோடு சேர்த்துத் திரவமாக்கும் சிறு சோதனை ஆலையை நடத்திப் பார்த்தது. அது வணிக ஆலையாக வளரவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய பொருள் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் அங்கே நிறுவனம் தொடங்கப்பட்டபோது மின்சாரம் மட்டுமே நோக்கமாக இருக்கவில்லை. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக்கிக் காற்றில்லாமல் வறுத்து ‘லெக்கோ’ என்ற பெயரில் புகையில்லாக் கரி தயாரித்தார்கள். துணைப்பொருளாகத் தாரும் கார்பாலிக் அமிலமும் கிடைத்தன. 1966-இல் தொடங்கிய உர ஆலை பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து யூரியா செய்தது. அரைவேக்காட்டுக் கரியை வெப்பத்தால் உயர்ந்த பொருளாக்கும் கனவை நம் மாநிலம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேற்றிப் பார்த்திருக்கிறது.

அந்தக் கனவு என்னவானது? உர ஆலை பிறகு பழுப்பு நிலக்கரியை விட்டு உலை எண்ணெய்க்கு மாறியது. பக்கத்திலேயே சுரங்கம் இருந்தும் வெளியிலிருந்து எண்ணெய் வாங்குவது வசதியாகப் பட்டது. 2000-களின் தொடக்கத்தில் உர ஆலையும் லெக்கோ ஆலையும் மூடப்பட்டன. நிர்வாகத்தின் மேல் மட்டும் பழி போட்டு இதைக் கடந்துவிட முடியாது. பாதிக்குப் பாதி ஈரமும், ஏராளமான ஆக்சிஜனும், குறைந்த ஹைட்ரஜனும் கொண்ட பொருளோடு போராடுவதன் செலவு அந்த ஆலைகளில் தெரிந்தது. அண்மையில் நெய்வேலியில் நாளொன்றுக்கு 1,200 டன் மெத்தனால் தயாரிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பழைய ஆலைகளின் கணக்குப் புத்தகங்களை முதலில் மக்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கை நெருங்கிப் பார்ப்போம். ஈரமும் சாம்பலும் நீங்கலாக ஒரு டன் பழுப்பு நிலக்கரியை நேரடியாக எண்ணெயாக்க வேண்டுமென்றால், பூமியிலிருந்து 2 டன்னுக்கு மேல் தோண்ட வேண்டும். நெய்வேலியில் தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 முதல் 6 கன மீட்டர் வரை மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரையும் ஓயாமல் இறைத்தாக வேண்டும். ஆக ஈரமும் சாம்பலும் நீங்கிய ஒரு டன்னுக்குச் சுமார் பன்னிரண்டு கன மீட்டர் மண். உலையில் சேர்க்க வேண்டிய ஹைட்ரஜன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு. 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் எண்ணெய் சுமார் அரை டன்.

60 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கக் கிலோவுக்கு 52 யூனிட் வீதம் 3,100 யூனிட் மின்சாரம் வேண்டும். அரை டன் எண்ணெயில் இருக்கும் வெப்பம் சுமார் 5,800 யூனிட். ஆதாயம் என்று தோன்றும். ஆனால் எண்ணெய் எஞ்சினுக்குள் போனால் அதன் வெப்பத்தில் கால் பங்கோ, சற்று மேலாகவோதான் சக்கரத்தைச் சுற்றும்: 1,450 முதல் 1,750 யூனிட் வரை. அதே 3,100 யூனிட்டை மின்கலம் வழியாக ஒரு மின்சாரப் பேருந்துக்குக் கொடுத்தால், வழியில் கால் பங்கு வீணானாலும் 2,300 யூனிட் வேலை கிடைக்கும். அதாவது ஹைட்ரஜனுக்குச் செலவழித்த மின்சாரம் மட்டுமே, முழு எண்ணெயும் செய்யும் வேலையைவிட அதிக வேலை செய்யும். தோண்டிய கரி, அகற்றிய மண், இறைத்த நீர் இவையெல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

அதே 60 கிலோ ஹைட்ரஜனை வேறு இடத்துக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலிருந்து 340 கிலோ அமோனியா கிடைக்கும். அதிலுள்ள நைட்ரஜன் 45 கிலோ யூரியா மூட்டை பதின்மூன்றுக்குச் சமம். கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கான உரத்துக்காகக் கூட்டுறவு சங்க வாசலில் காத்திருக்கும் விவசாயிக்கு இது வெறும் எண்ணாகத் தெரியாது. இந்த ஹைட்ரஜனை இன்று தூத்துக்குடியின் ஸ்பிக் உர ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கப் புதைபடிவ எரிபொருளிலிருந்தே ஹைட்ரஜன் செய்கிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும். காற்றாலை ஹைட்ரஜன் அந்த இடத்தைப் பிடித்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் அவ்வளவு புகை குறையும். அதே கிலோ பாறைக்குள் போனால், புதிதாக ஒரு புதைபடிவ எரிபொருள் பிறந்து மேலும் புகையைக் கூட்டும். ஒரே பொருளுக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

நல்ல எண்ணெய் ஷேலுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு பாதகமாக இராது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஷேல் எண்ணெயில் உள்ள நைட்ரஜனையும் கந்தகத்தையும் நீக்கி டீசல் தரத்துக்குக் கொண்டுவர ஒரு பீப்பாய்க்கு 4 முதல் 5 கிலோ ஹைட்ரஜன் போதும். மின்சாரக் கணக்கில் தாங்கக்கூடிய செலவு. ஆனால் அங்கே சுமை வேறு தோளுக்கு மாறுகிறது. டன்னுக்கு 100 லிட்டர் தரும் வளமான பாறையில்கூட, 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய்க்கு 1.6 டன் பாறையை வெட்டி, உடைத்து, 500 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஒன்றே கால் டன்னுக்கு மேல் கழிவு மிஞ்சும். வறுபட்ட பாறை உப்பிவிடுவதால் எடுத்த குழிக்குள் முழுவதும் திரும்ப அடங்காது. இந்தியாவின் எண்ணெய்த் தேவை நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்களுக்கு மேல். அதில் ஒரு லட்சம் பீப்பாயை, அதாவது இரண்டு விழுக்காட்டை, இந்த வழியில் எடுக்க ஆண்டுக்கு 5.8 கோடி டன் பாறை வேண்டும். நெய்வேலிச் சுரங்கங்கள் ஓராண்டில் எடுக்கும் பழுப்பு நிலக்கரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த அளவுக்குத் தோண்டுவது எப்படியிருக்கும் என்று நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படியே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. குவாரிக் கற்களை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகளை மார்த்தாண்டம் சாலையில் எல்லாரும் பார்க்கிறோம். மணவாளக்குறிச்சிக் கரையில் கனிம மணல் எடுப்பதைப் பற்றிய அச்சம் தலைமுறைகளாக இருக்கிறது. 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. எண்ணெய் ஷேல் இருப்பது அசாமில் என்பதால் இது நமக்குத் தொலைவான கதை ஆகிவிடாது. வயலையும் ஆற்றையும் இழப்பவர் எந்த மொழி பேசினாலும் இழப்பு இழப்புதான்.

எதிர்வாதங்களில் வலுவானவை மூன்று. முதலாவது, நாடு தன் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது; போரோ தடையோ வந்தால் என்ன செய்வது என்பது. நியாயமான கவலை. ஆனால் இரண்டு விழுக்காட்டுக்கு 5.8 கோடி டன் பாறை கேட்கும் வழியால் அந்தக் கவலை தீராது. பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் மின்சாரத்துக்கு மாறினால் இறக்குமதி அதைவிட வேகமாகக் குறையும்.

இரண்டாவது வாதம் நம் கடற்கரையிலிருந்து வருகிறது, அதனால் கூடுதல் கவனத்துக்கு உரியது. தூத்தூர் வட்டார மீனவர்கள் விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அவர்களுக்கு டீசல் வேண்டும். வெளிப்பொருத்து எஞ்சின் வைத்த வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மின்கலம் இன்று அந்தத் தூரத்துக்குப் போகாது. திரவ எரிபொருள் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருக்க, தரையில் மின்சாரத்தால் ஓடக்கூடியவற்றுக்கு எண்ணெயை எரித்துவிட்டு, கடலுக்கு வேண்டும் என்று பாறையை உடைப்பது தலைகீழான வரிசை. தரையில் மிச்சமாகும் டீசலே படகுகளுக்குத் தாராளமாகப் போதும். அதற்கும் அப்பால் தேவைப்பட்டால், வயல் கழிவிலும் தென்னை மட்டையிலும் உள்ள கார்பனோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் வழி இருக்கிறது. இன்று அதற்கும் விலை அதிகம். ஆனால் அந்தக் கார்பன் மறு ஆண்டு மறுபடி வளரும்.

மூன்றாவது, ஹைட்ரஜன் வருங்காலத்தில் மலிவாகும், அப்போது கணக்கு மாறும் என்பது. மாறும், ஆனால் பாறைக்குச் சாதகமாக அல்ல. ஹைட்ரஜன் மலிவாக வேண்டுமென்றால் மின்சாரம் மலிவாக வேண்டும். மின்சாரம் மலிவாகும் அளவுக்கு அதை நேரே பயன்படுத்துவதும் மலிவாகிறது. எண்ணெயின் தேவையே சுருங்குகிறது. பாறையை வெட்டும் செலவோ கழிவைக் கொட்டும் செலவோ அதனால் குறையப்போவதில்லை. பசுமை ஹைட்ரஜனுக்குப் பதில் எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாமே என்றால், ஒரு புதைபடிவ எரிபொருளைச் செலவழித்து இன்னொன்றைச் செய்கிறோம் என்பதே பொருள்.

ஆகவே தீர்ப்பை மூன்று பகுதிகளாகச் சொல்கிறேன். அறிவியலாக, பாறையையும் கரியையும் ஹைட்ரஜனாலும் வெப்பத்தாலும் எண்ணெயாக்கும் முறை உண்மையானது, மதிக்கத்தக்கது. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைக் கையாளும் அந்த அறிவு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், நாளை தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் செய்யவும் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அது தொடரட்டும். எரிபொருள் பெறும் வழியாக, இந்தியாவுக்கு அது ஏற்றதன்று. வறிய பொருளில் ஹைட்ரஜனைத் தின்றுவிடுகிறது, வளமான பாறையில் நிலத்தைத் தின்றுவிடுகிறது. நெய்வேலியில் அந்தப் பாதையின் முதல் பாகத்தை நடந்து பார்த்துத் திரும்பியும் வந்திருக்கிறோம்.

கொள்கையாக, தமிழ்நாட்டின் பசுமை ஹைட்ரஜன் யாருக்கு முதலில் என்ற வரிசையை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். முதலில் தூத்துக்குடியின் உரத் தொழில். அடுத்து மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றே செலவாகும் ஹைட்ரஜனுக்கு மாற்று. அதன்பின் எஃகு உருக்காலை, கப்பல் எரிபொருள் என மின்சாரம் நேரே எட்டாத துறைகள். பொதுப்பணத்தில் மானியம் பெறும் ஒரு கிலோ ஹைட்ரஜன்கூட ஷேலையோ பழுப்பு நிலக்கரியையோ எண்ணெயாக்கப் போகக்கூடாது என்பதை அந்த ஆணையிலேயே சேர்க்க வேண்டும். முப்பந்தலில் இறக்கைகள் சுழல நிலம் கொடுத்தவர்களும், அவற்றின் இரைச்சலோடு வாழ்கிறவர்களும் நம் மக்கள். அந்தக் காற்றின் பயன் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.